பழைய டர்போ காருக்குப் பெரிய இன்டர்கூலர்: சென்னையில் அடிக்கடி வரும் கேள்விகள்

என்னிடம் 2005ஆம் வருடத்து ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. இந்த வண்டி இங்கே 150 குதிரைத்திறனோடு விற்றது, ஐரோப்பாவில் 180. அதன் இன்டர்கூலரை நான் இரண்டு தடவை மாற்றினேன். முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை ஒழுங்காக. அன்றிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசி முடியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். பெட்ரோல் டர்போவை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். டீசல்காரர்களுக்குக் கீழே தனி பதில் உண்டு.

இன்டர்கூலர் உண்மையில் என்ன செய்கிறது?

சைக்கிள் பம்பை வேகமாக நாலு தடவை அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போவும் ஒரு பம்ப்தான், ஆனால் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பம்ப். அதிலிருந்து வரும் சூட்டுக் காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் குளிரவைப்பதுதான் இன்டர்கூலர்.

கணக்காகவே சொல்கிறேன். மே மாதம், டர்போவுக்குள் போகும் காற்று 40 டிகிரி. பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், 1 பார். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 138 டிகிரி இருக்கும். சூடாகி வந்த அந்த 98 டிகிரியில் 60 சதவீதத்தை இறக்கும் இன்டர்கூலர் இருந்தால் இன்ஜினுக்குள் போவது 79 டிகிரி. 80 சதவீதத்தை இறக்கும் இன்டர்கூலர் என்றால் 60 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே காற்றின் அடர்த்தி வித்தியாசம் 5 முதல் 6 சதவீதம்.

அடர்த்தியைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், இன்ஜின் தட்டும். நாக் சென்சார் அதைக் கேட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னால் தள்ளும். நமக்குத் தெரிவது ஒன்றுதான்: மதியம் மூன்று மணிக்கு வண்டியில் பிக்கப் இல்லை, காலை ஆறு மணிக்கு அதே வண்டி பறக்கிறது.

மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

ஈசியூவில் கை வைக்காமல் இன்டர்கூலரை மட்டும் மாற்றினால், ஒன்றும் கூடப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் இருப்பது போன்ற ஈசியூ, இவ்வளவு டார்க் (முறுக்குவிசை) வேண்டும் என்று ஒரு இலக்கு வைத்துக்கொண்டு அதற்கு எவ்வளவு காற்று தேவையோ அவ்வளவுக்குத்தான் பூஸ்ட் கொடுக்கும். காற்று குளிர்ந்து அடர்த்தியானால் பூஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இருபது குதிரை கூடும் என்று சொல்லி யாராவது பெட்டியைத் திறந்தால், அந்த இருபதும் பெட்டிக்குள்தான் இருக்கும்.

கிடைப்பது வேறு: மூன்றாவது தடவை மிதிக்கும்போதும் முதல் தடவை போலவே வண்டி ஓடும். மே மாத மதியம், வெளியே 39 டிகிரி. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இரண்டாம் கியரில் அடுத்தடுத்து மூன்று முறை முழுதாக மிதித்துப் பார்த்தேன். பழைய இன்டர்கூலரில் இன்டேக் காற்று முதல் முறை 54 டிகிரி, மூன்றாம் முறை 73. இப்போது இருப்பதில் 48, அப்புறம் 53. டைமிங் பின்வாங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த ஊர் இது. இங்கே இந்த 20 டிகிரி சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் உடனே வாங்கிவிடலாமா?

பொறுங்கள். என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இன்டர்கூலரில் இல்லை. பதினைந்து இருபது வருடம் பானெட்டுக்குள் வெந்த ரப்பரில்தான் இருந்தது.

முதலில் லீக் டெஸ்ட். ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அந்த மூடியில் ஒரு டியூப் வால்வு பொருத்தி, காற்று விட வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும், ஆனால் ரெகுலேட்டர் வைத்து 1 பாருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தால் நுரை கிளம்பும் இடம் லீக். என் வண்டியில் மூன்று இடத்தில் கிளம்பியது.

அடுத்து, மிதியை விடும்போது மிஞ்சும் பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு. பழையவற்றில் உள்ளே ரப்பர் ஜவ்வு இருக்கும், அது கிழிந்திருந்தால் பூஸ்ட் திரும்பி ஓடிவிடும். பிறகு இன்ஜின் மூச்சுவிடும் கிராங்க்கேஸ் ஹோஸ்கள். 1.8 டர்போவில் இவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும், தொட்டாலே கையோடு வரும். ஸ்பார்க் பிளக், காயில், ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, இருக்கிற இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் வந்தால் வயசுக்கு அது சகஜம். ஒரு டம்ளர் வந்தால் டர்போ சீல் அல்லது கிராங்க்கேஸ் அழுத்தம் என்று அர்த்தம், புது இன்டர்கூலரும் ஆறு மாதத்தில் அதே எண்ணெயில் குளிக்கும். உள்ளே எண்ணெய்ப் பூச்சு படிந்தால் சூடு வெளியே போகாது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, டிகிரீசர் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வெளியே ஃபின்களில் அடைத்த சேறு, பூச்சி, பிளாஸ்டிக் பையை எடுப்பதும் இதில் அடக்கம். நண்பர் ஒருவர் இவ்வளவும் செய்துவிட்டு, புது இன்டர்கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் நாலு டயர் வாங்கிப் போட்டார். எனக்குத் தெரிந்து அவர்தான் புத்திசாலி.

எந்த இடத்தில் பொருத்துவது?

என் தப்பு இங்கேதான் நடந்தது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த வண்டியில் கம்பெனி இன்டர்கூலர் முன் பம்பரின் ஓரத்தில், வலது முன் சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும். சின்னது, ஆனால் கனமானது. காற்று பம்பர் துளை வழியாக வந்து அதைத் தாண்டிச் சக்கரத்தின் உள் லைனரில் இருக்கும் ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அந்த ஜன்னல் பலருடைய வண்டியில் சேறு பூசி மூடிக் கிடக்கிறது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆன்லைனில் பார்த்த பெரிய கோர் (இன்டர்கூலரில் சூடு இறங்கும் நடுப்பகுதி), 65 மிமீ தடிமன், முகப்பு முழுக்க. ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு நேர் முன்னால் வைத்து, ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங்கில் குழாய் இழுத்துப் பொருத்தினார்கள். வெளியே இருந்து பார்த்தால் அட்டகாசம். அடுத்த வாரம் கத்திரி வெயிலில் குடும்பத்தோடு கிளம்பினோம். துரைப்பாக்கம் சிக்னல் வருவதற்குள் ஏசியில் வருவது வெந்நீர் ஆவி மாதிரி ஆகிவிட்டது. பின் சீட்டில் மாமியார். "மாப்பிள்ளை, இவ்ளோ செலவு பண்ணி ஏசியைக் கெடுக்கவா செஞ்சீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் எளிது. நிற்கிற வண்டியில் கண்டென்சருக்குக் காற்று கொடுப்பது பின்னால் இருக்கும் ஃபேன் மட்டும். அதன் முன்னால் தடித்த தடுப்பு வைத்தால் ஃபேனால் இழுக்க முடியாது. ஓடும்போதோ இன்டர்கூலர் உமிழும் சூட்டுக் காற்றுதான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகிறது. ஏசி இல்லாமல் நாம் வாழ முடியாத ஊரில் இந்தக் கணக்கை முதலில் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை, கம்பெனி இடத்திலேயே, அதைவிட ஆழமான கோரை வைத்தோம். அலுமினியத் தகட்டில் ஒரு காற்றுக்கூடு செய்து பம்பர் துளையிலிருந்து கோர் வரைக்கும் இடைவெளியே இல்லாமல் மூடினோம், ஓரங்களில் ஸ்பாஞ்சு பட்டை. காற்றுக்குச் சோம்பல் அதிகம், சுலபமான வழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் போகும். கூடு இல்லாத பெரிய இன்டர்கூலரைவிடக் கூடு உள்ள சின்னது நன்றாக வேலை செய்யும். லைனர் ஜன்னலையும் இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினோம். மேலே சொன்ன 53 டிகிரி இந்த அமைப்பில் வந்தது.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள், இருங்காட்டுக்கோட்டைக்கு மாதாமாதம் போகிறவர்கள் முன்னால்தான் வைக்க வேண்டும். அவர்கள் மெல்லிய, உயரம் குறைந்த கோரை எடுத்து, கண்டென்சரின் கீழ்ப்பகுதியை மட்டும் மறைக்கும்படி வைக்கலாம்.

பார்-பிளேட்டா, டியூப்-ஃபின்னா?

இவை கோரைச் செய்யும் இரண்டு விதங்கள். பார்-பிளேட் கனம், கல் பட்டால் தாங்கும், சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். டியூப்-ஃபின் இலேசு, சீக்கிரம் ஆறும், கல்லுக்குப் பயப்படும். சிக்னல் தாண்டியதும் சீக்கிரம் ஆற வேண்டும் என்பதால் நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு நல்ல டியூப்-ஃபின் எனக்குப் பிடிக்கும். ஜிஎஸ்டி சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர் பார்-பிளேட் எடுக்கட்டும். இரண்டிலும் பக்கவாட்டு டேங்கின் வடிவத்தைப் பாருங்கள். குழாயிலிருந்து காற்று எல்லா வரிசைக்கும் சமமாகப் பிரிய வேண்டும். சதுரப் பெட்டியை ஒட்டவைத்தது போல இருந்தால் பாதி கோர் சும்மா இருக்கும்.

பெரிதாக வைத்தால் டர்போ லேக் வருமா?

லேக் என்றால் மிதித்ததற்கும் பூஸ்ட் வருவதற்கும் நடுவே வரும் தாமதம். நினைக்கிற அளவு வராது. 1.8 லிட்டர் இன்ஜின் 3000 சுற்றில் விநாடிக்குச் சுமார் 45 லிட்டர் காற்றை விழுங்கும். கூடுதலாக 5 லிட்டர் கொள்ளளவு சேர்த்தால் அதை நிரப்பப் பத்தில் ஒரு விநாடி. உண்மையான லேக் வருவது லீக்கிலிருந்தும், தேவையில்லாமல் அகலமான குழாயிலிருந்தும். 200 குதிரைக்குள் இருக்கும் வண்டிக்கு 50 முதல் 57 மிமீ குழாய் தாராளம்.

கவனிக்க வேண்டியது அழுத்த இழப்பு. இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒரு கேஜ் வைத்துப் பாருங்கள். முழு மிதியில் இரண்டுக்கும் 0.1 பார் வித்தியாசம் என்றால் சரி. 0.2ஐத் தாண்டினால் டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும், நீங்கள் குளிரவைக்கப் போட்ட காசு அங்கேயே எரியும்.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எந்த வண்டியில் இருந்து வந்தது என்று தெரிய வேண்டும். டர்போ உடைந்து ஸ்கிராப்புக்கு வந்த வண்டியின் இன்டர்கூலருக்குள் அலுமினியச் சீவல் ஒட்டியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது, ஒரு துண்டு கிளம்பினாலும் போய் நிற்பது உங்கள் சிலிண்டரில். உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மினுமினுப்பு ஒட்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஏதாவது ஒரு ரேடியேட்டர் கடையில் இரண்டு வாயையும் அடைத்து 1.5 பார் காற்று விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வெல்டு செய்யலாம், ஆனால் பழைய எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் வெல்டு சரியாகப் பிடிக்காது.

ஹோஸ், கிளாம்ப் எல்லாம் எது நல்லது?

நாலு அடுக்கு சிலிக்கான் ஹோஸ், டி-போல்ட் கிளாம்ப். குழாயின் விளிம்பில் மேடு போல ஒரு வளையம் கட்டாயம் வேண்டும், லேத் பட்டறையில் உருட்டித் தருவார்கள், இல்லையென்றால் வெல்டு கோடு ஒன்று ஓட்டித் தருவார்கள். வெறும் வழுவழுக் குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய்ப் பசையும் பூஸ்ட்டும் சேர்ந்து ஹோஸைக் கழற்றிவிடும். கோவளம் தாண்டி எனக்கு அது நடந்தது. டப் என்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி ஆட்டோவைவிட மெதுவாக ஓடியது. டிக்கியில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் பிழைத்தேன்.

டர்போவிலிருந்து வரும் சூடான பக்கத்தில் சாதா சிலிக்கான் வேண்டாம். எண்ணெய் பட்டுப் பட்டு அது வியர்க்கும். உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூசியது வாங்குங்கள். இன்ஜின் ஆடும் என்பதால் குழாயில் ஒரு இடத்திலாவது வளையக்கூடிய இணைப்பு விடுங்கள்.

டிராபிக்கில் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, அதுதான் பிரச்சினை. காற்றோட்டம் இல்லாமல் எந்த இன்டர்கூலரும் வேலை செய்யாது. கத்திப்பாராவில் இருபது நிமிடம் நின்றால் பெரியதும் சின்னதும் ஒரே மாதிரி வெந்திருக்கும். நகர ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் சீராகப் போனபிறகு மிதியுங்கள்.

கறுப்பு பெயின்ட் அடித்தால் குளிர்ச்சி கூடுமா?

இல்லை. தடிமனாக அடித்தால் குறையும்.

மழை, வெள்ளம், கடல் காற்று?

இன்டர்கூலர் வெளியே நனைந்தால் நல்லதுதான், குளிரும். ஆபத்து வேறு இடத்தில். ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் லீக் வழியே காற்று வெளியே போகும். ஆனால் ஐடிலில், பூஸ்ட் இல்லாதபோது, உள்ளே லேசான உறிஞ்சல் இருக்கும். பம்பர் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிற தெருவில், கீழே தொங்கும் இன்டர்கூலர் மூழ்கி, இணைப்பில் ஒரு லீக்கும் இருந்தால் தண்ணீர் நேராக இன்ஜினுக்குப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு லீக் டெஸ்ட் போட்டுவிடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் ஓரம் இருப்பவர்களுக்கு உப்பு. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். நடுவே ரப்பர் வாஷர் போடுங்கள், மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் மடங்கிவிடும்.

ஈசியூ ரீமேப் முதலிலா, இன்டர்கூலர் முதலிலா?

இன்டர்கூலர் முதலில், ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் பிறகு. பழைய இன்டர்கூலரோடு பூஸ்ட்டைக் கூட்டினால் கூடிய சூட்டை யார் இறக்குவது? ஆனால் சின்ன டர்போவுக்கு ஒரு எல்லை உண்டு. என் வண்டியின் கே03 போன்றதை அதிக சுற்றில் அதிகமாகத் தள்ளினால் அது காற்றை அமுக்குவதைவிட அடுப்பாகத்தான் வேலை செய்யும். அதை எந்த இன்டர்கூலரும் காப்பாற்றாது. ரீமேப் செய்பவர் எந்தப் பெட்ரோலுக்கு மேப் எழுதுகிறார் என்று கேளுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு கிடைத்ததை ஊற்றினால் நாக் சென்சார் பாவம்.

உள்ளே போகும் காற்றின் சூட்டை எப்படிப் பார்ப்பது?

வண்டியின் சென்சார்களைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவியும் போனும் போதும். உங்கள் வண்டியில் அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். 1.8 டர்போவில் அது இன்டேக் மானிஃபோல்டில் இருக்கிறது, பயன்படும். சில வண்டிகளில் அது ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும். அது டர்போவுக்கு முந்தைய சூட்டைக் காட்டுமே தவிர இன்டர்கூலரைப் பற்றி எதுவும் சொல்லாது. என் வண்டி போன்ற ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிக்காரர்கள் விசிடிஎஸ் என்ற பரிசோதனை மென்பொருள் வைத்திருந்தால் 115, 118, 020 ஆகிய மூன்று பிளாக்குகளைப் பதிவு செய்யுங்கள்: பூஸ்ட், இன்டேக் சூடு, டைமிங் பின்வாங்கல். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே நேரத்தில், ஒரே வெயிலில்.

டீசல் வண்டிக்கு?

டீசலில் அந்த நாக்கிங் தொல்லை இல்லை. ஆனால் காற்று குளிர்ந்தால் புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு குறையும், ஏற்றத்தில் முழு லோடோடு ஏறும்போது தெரியும். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் டர்போ இருக்கும், இன்டர்கூலரே இருக்காது. அவற்றில் புதிதாக வைத்தால் வித்தியாசம் பெட்ரோலைவிடத் தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: டீசலில் இன்டர்கூலருக்குள் எண்ணெய் தேங்கினால் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்துச் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும். டீசல்காரர்கள் கவிழ்த்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் சொன்னதும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கம்பெனி இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெட்டி இடம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மோதினால் உங்கள் முழங்காலுக்கு முன்னால் நிற்பது அது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

இரண்டாம் தடவை எனக்குக் கோர், குழாய், ஹோஸ், ஆர்கான் வெல்டிங், தகட்டுக்கூடு, கூலி எல்லாம் சேர்ந்து 38 ஆயிரம். முதல் தடவை ஆனதைச் சொல்ல மாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.

எந்தப் பட்டறைக்குப் போவது?

பெயர் சொல்வதில்லை. போய்க் கேளுங்கள்: பழைய இன்டர்கூலரை லீக் டெஸ்ட் போட்டுப் பார்ப்பீர்களா? அதைக் கேட்டுச் சிரித்தால் வேறு இடம். ஏற்கனவே அவர்கள் செய்த வண்டி ஒன்று நின்றால் பானெட்டைத் திறந்து வெல்டைப் பாருங்கள், அடுக்கி வைத்த காசு மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். கடைசியில் உங்கள் வண்டியை எடுக்கும் முன், ஏசியை முழுதாகப் போட்டு, வெயிலில் கால் மணி நேரம் ஐடிலில் நிறுத்திவைத்து, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள்.